பதினேழாவது பொருள்

இரண்டே சொல். சொல்லிவிட்டால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

ஆல் பாஸ்.

மேயரான இந்தப் பதினான்கு மாதங்களில் எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று அவள் கணக்குப் பார்த்தாள். மாமன்றக் கூட்டத்துக்கு ஒரு முறை. சொன்னதும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். அறுபது தீர்மானங்கள் இருந்தாலும் அந்த ஒரு தட்டலில் நிறைவேறிவிடும்.

யாரும் எதையும் வாசிப்பதில்லை. அவளும் வாசித்ததில்லை.

இந்த முறை வாசித்திருந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து, அறுபத்திரண்டையும்.

பொருள் பதினேழு. சீல் வைக்கப்பட்ட பெண்கள் விடுதியை மீண்டும் திறக்க அனுமதிப்பது. மூன்றே வரி. அதில் 'மனிதாபிமான அடிப்படையில்' இரண்டு முறை வந்தது.

விடுதி, மண்டலத் தலைவர் குழந்தைவேலின் மனைவி பெயரில் இருக்கிறது.

குழந்தைவேல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மன்றத்தின் அறுபது பேரில் முப்பத்தைந்து பேர் அவர் சொன்னால் கை தூக்குவார்கள். போன வருடம் அவளை மேயராக்கிய கைகளும் அவைதான்.

போன மாதம் அந்த விடுதியின் சமையலறையில் தீப்பிடித்தது.

யாரும் சாகவில்லை.

யாரும் சாகவில்லையே என்பதுதான் குழந்தைவேலின் வாதம்.

மறுநாள் அவள் போய்ப் பார்த்தாள். மூன்று மாடி. தொண்ணூறு பெண்கள், எல்லோருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. ஒரே படிக்கட்டு. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் ஏழு சிலிண்டர்கள். எல்லா ஜன்னலுக்கும் கம்பி.

பெண்கள் விடுதி அல்லவா. பாதுகாப்பு.

வாசல் சுவரில் ஒரு காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வீட்டை விடுதியாக மாற்றிக்கொள்ள மாமன்றம் அளித்த அனுமதி. கீழே தீர்மானத்தின் தேதி.

அந்தத் தேதி அவளுக்கு நினைவிருந்தது. அன்று மகளுக்குக் காய்ச்சல். கூட்டம் ஒன்பது நிமிடத்தில் முடிந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

ஆணையர் சீல் வைத்தார். பெண்களைச் சமுதாயக் கூடத்தில் தங்கவைத்தார்கள். நேற்று அங்கேயும் போனாள். தன்னைக் கண்டதும் சந்தோஷப்படுவார்கள் என்று உள்ளுக்குள் எங்கோ எதிர்பார்த்திருக்கிறாள். இப்போது நினைத்தால் கூசியது.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் கேட்டாள்.

"எப்பங்க்கா தொறப்பீங்க? இங்கிருந்து கம்பெனிக்கு ரெண்டு பஸ்ஸு. தொண்ணூறு பேத்துக்கு ரெண்டு பாத்ரூம். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, அங்க கட்டிலாச்சும் இருந்துச்சு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். மேயரும் சிரித்துவைத்தாள்.

ஆக, எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். திறந்துவிடு.

குழந்தைவேல் மேல் தனக்குக் கோபமா என்று மனதைத் துழாவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. நல்லவள் என்று பெயர் வாங்கும் ஆசையா? அதுவும் கொஞ்சம் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

படிக்கட்டின் அகலம் இருந்தது.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "மேயரம்மா, பிரியாணி ஆறுதுங்க!"

"அக்கா இன்னிக்கு வெரதமாட்ட இருக்குது!"

மன்றமே சிரித்தது.

துணை மேயர் நாச்சிமுத்து பக்கத்து நாற்காலியிலிருந்து சாய்ந்தார். நல்ல மனிதர். மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று, கூட்டம் முடிந்ததும் டாக்டரிடம் அழைத்துப் போகத் தன் காரைக் கொடுத்தவர்.

"சொல்லிப்போடுங்க அம்மிணி. அடுத்த மாசமும் இந்தச் சேர்ல உக்காரோணுமில்லீங்களா?"

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒண்ணுல இருந்து பதினாறு வரைக்கும், பதினெட்டுல இருந்து அறுபத்திரண்டு வரைக்கும், ஆல் பாஸ்."

பழக்கத்தில் மேசைகளைத் தட்டினார்கள். தட்டல் பாதியில் தடுமாறி நின்றது.

"பதினேழு வேணுங்கறவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உங்க பேரைச் சொல்லுங்க. பேரோட பதிவாகோணும்."

அந்த மன்றத்தில் எந்தத் தீர்மானத்தின் கீழும் அதுவரை ஒரு தனி ஆளின் பெயர் எழுதப்பட்டதில்லை. 'மாமன்றம்' என்றுதான் எழுதுவார்கள்.

குழந்தைவேல் முதல் முறையாக அவளைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவர் கைபேசியை எடுத்து எதையோ தேடினார். ஒரு பெண் உறுப்பினர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நாற்காலி எதுவும் நகரவில்லை.

நாச்சிமுத்து மைக்கைக் கையால் மூடினார்.

"வேண்டாம் அம்மிணி. இதையும் சேத்துப் பாஸ்னு சொல்லி முடிச்சுருங்க. மத்தத நான் பேசிக்கறன்."

அவர் கையை எடுக்கும்வரை காத்திருந்தாள். எடுத்ததும் மைக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

"மொதல்ல உங்க பேருங்ணா."

அவர் உட்கார்ந்தே இருந்தார்.