பிரேக் விளக்கு

டம்! தகுதிச் சோதனைக்கு வந்து நிற்கும் பழைய டாக்சியின் கூரையில் அதிகாரி உள்ளங்கையால் தட்டுகிறார். “பிரேக்கை மிதிப்பா!” டிரைவர் மிதிக்கிறார். பின்னால் சிவப்பு விளக்கு எரியவில்லை. இரண்டு இண்டிகேட்டர்களும் மங்கலாக மினுங்குகின்றன. “பிரேக்கை மிதிச்சா கண்ணடிக்குது! இந்த வயசுலயும் உன் வண்டிக்குக் குசும்பு போகலையே!” வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். டிரைவருக்குக் காரணம் புரிந்துவிடுகிறது. துரு தெரியக் கூடாதென்று நேற்று அவரும் மனைவியும் டிக்கிக்குள் பெயின்ட் அடித்தார்கள். பின்விளக்குகளின் எர்த் வயரைக் கழற்றி, அதன் திருகு உட்காரும் இடத்தையும் விடாமல் பூசிவிட்டார்கள். இப்போது வயருக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்ட்; கரண்ட் வழி தவறி இண்டிகேட்டருக்குப் போகிறது. இன்று தேறாவிட்டால் நாளை வண்டி ஓடக் கூடாது. வீட்டில் சம்பாதிப்பது இந்த வண்டி ஒன்றுதான். “எர்த் கொஞ்சம் லூஸ் சார். ஒரே நிமிஷம்.” அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து மனைவி இறங்கிப் போய்விடுகிறாள். டிக்கிக்குள் சாவியால் பெயின்ட்டைச் சுரண்டும் கரகரப்பு கேட்கிறது. பிறகு மூடியைப் பாதி தாழ்த்தி, வெயிலுக்குச் சோர்ந்தவள்போல் அதன்மேல் சாய்கிறாள். வலது கை மட்டும் உள்ளே, திருகை மாட்ட நேரமில்லாமல் வயர் நுனியை இரும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. சிவப்பு விளக்கு பளீரென்று எரிகிறது. டிரைவர் சுவிட்சைத் தட்டத் தட்ட இண்டிகேட்டர் சமர்த்தாக இடமும் வலமும் சிமிட்டுகிறது. அவள் புருவத்தில் வியர்வை இறங்குகிறது, துடைத்துக்கொள்ளவில்லை. அதிகாரி பின்பக்கம் வந்து விளக்குகளைப் பார்க்கிறார், அவள் முழங்கையைப் பார்க்கிறார். டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கண்ணாடியில் அவளையே பார்க்கிறார்.

“எல்லாம் நல்லாத்தான் எரியுது. இப்ப அந்தக் கையை எடுத்துட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா.”