எர்ஸ்கின் மடியில் ஒரு பிஸ்கட் டின்

"இன்னைக்கும் டாமினோவா?" என்று கேட்டார் டாக்டர் கிட்டென்ஸ், எர்ஸ்கினின் மடியிலிருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்து.

"அது இல்லாம எப்படி டாக்டரம்மா!" என்றார் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற எர்ஸ்கின். பக்கத்திலிருந்த யூனா அவரை முழங்கையால் இடித்தார்.

மாதாமாதம் மாத்திரை வாங்கும் நாளில் இதே கூத்துதான். பன்னிரண்டு நோயாளிகளில் கடைசி ஆள் வாங்கி முடிக்கிறவரை ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஊருக்குப் போகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனாலும் கண்டுகொள்ளாமல், கிளினிக் வாசல் ஈரப்பலா மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

பார்படோசில் டாமினோ ஆடினால் கட்டையை மேசையில் அறைகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இவர்களிடமிருந்து வந்ததோ டின்னைக் குலுக்குகிற சத்தம் மட்டும்தான். பாவம், நோயாளிகள், கையில் தெம்பில்லை என்று டாக்டர் மனம் இளகிப்போவார்.

பன்னிரண்டு பேருக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். அவை வளர்ந்துகொண்டே போனால் கடைசியில் டயாலிசிஸ்தான். கொல்லைக்குக் கொல்லை காய்த்துக் கொட்டுகிற, பம்பளிமாஸ் மாதிரியான கிரேப்ஃப்ரூட் பழத்தின் கசப்புச் சத்து அந்தக் கட்டிகளை அடக்குமா என்று பார்க்க ஒரு வருஷ ஆராய்ச்சி நடந்தது.

ஆறு பேருக்குப் பழச்சத்து மாத்திரை. மற்ற ஆறு பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் சோள மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வீட்டில் அந்தப் பழத்தைத் தொடக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தார். யூனா வீட்டுப் பன்றி ஒரு வருஷமாகப் பழமாகவே தின்று ஊதிப்போயிருந்தது.

இன்று காலைதான் முடிவு வந்திருந்தது. டாக்டர் கிளினிக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

"போன வருஷத்தைவிட உங்க எல்லாருக்கும் கட்டி வளர்ற வேகம் குறைஞ்சிருக்கு."

கூடமே எழுந்து குதித்தது. எர்ஸ்கின் யூனாவின் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க! மாவு சாப்பிட்டவங்களுக்கும் அதே அளவுதான் குறைஞ்சிருக்கு. அப்போ மாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசமே இல்லைன்னு ஆகுது. ஆராய்ச்சியை இழுத்து மூடச் சொல்லிட்டாங்க. இனிமே மாத்திரை கிடையாது."

யூனா பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்போ எனக்கும் எங்கம்மா மாதிரி டயாலிசிஸ்தானா?"

டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கே புரியலை யூனா. வெறும் மாவைத் தின்னா கட்டி எப்படி அடங்கும்?"

பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருட்டு முழி என்றால் அப்படி ஒரு முழி.

"சொல்லித் தொலையுமய்யா," என்றார் யூனா.

"டாக்டரம்மா திட்டுவாங்களே," எர்ஸ்கின் நெளிந்தார்.

"உசுரு போறதைவிடத் திட்டு வாங்குறது பெருசா? சொல்லும்!"

எர்ஸ்கின் தயங்கித் தயங்கி டின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு டாமினோ கட்டைகூட இல்லை.

"பாதிப் பேருக்கு வெறும் மாவுன்னு முதல் நாளே நீங்க சொல்லிட்டீங்க. யாரும் ஏமாந்துடக் கூடாது பாருங்க... அதான் மாசாமாசம் எல்லார் மாத்திரையையும் இதுல கொட்டி, நல்லாக் குலுக்கிப் பங்கு போட்டுக்கிட்டோம்!"