சேர்த்து வாசித்தாள்

யாழிசைக்கு எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்கத்தான் வராது. கண்ணில் படும் பலகையையெல்லாம் வாசிக்கச் சொல்லிப் பழக்கியவள் அவள் அம்மா தமயந்தி. தமயந்தி தன் பரிசோதனை முடிவு வாங்கப் போன அன்று, பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. தன் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போவதாக மகளிடம் சொல்லியிருந்தாள்.

மருத்துவமனையின் உள்வாசலில் யாழிசை நின்றுவிட்டாள்.

"பு... ற்... று. நோ... ய்..." ஓர் எழுத்தும் தப்பவில்லை. "புற்றுநோய்ப் பிரிவு! அம்மா, நானே சேர்த்துட்டேன்!"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியா வாசிச்சடி, தங்கம்."

"பாம்பு இருக்குமே, அந்தப் புத்தா, அம்மா?"

"அதேதான்."

யாழிசை துள்ளிக்கொண்டு அடுத்த பலகைக்கு ஓடினாள்.

"மெதுவா வாசி கண்ணு," என்றாள் தமயந்தி. "அவசரமில்ல."