12,413-ஆவது சூரியன்

அமெரிக்க வானியலாளர் ரூத் கார்வெல் 1971-இல் இறக்கும்வரை, முப்பத்தெட்டு வருடம், வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளை வரைந்தார். மொத்தம் 12,412 படங்கள். கடைசிப் படத்தை ஆஸ்பத்திரி ஜன்னலோரம் படுத்தபடி வரைந்தார் என்று அவருடைய ஆய்வுக்கூடத்தின் குறிப்பில் இருந்தது.

ஆவடி டாங்கி ஃபேக்டரியில் லேத் ஓட்டும் எத்திராஜ் அவரைப் பற்றி எழுதிக் கேட்டதற்கு, ஆய்வுக்கூடத்தார் அந்தக் குறிப்போடு சில படங்களின் ஜெராக்ஸையும் அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் எண் 12,413 என்று இருந்தது. கையெழுத்து ரூத்தினுடையதுதான். பதினோரு புள்ளிகள். நடுவில் ஒரு பறவை, அலகில் ஏதோ உருண்டையாக.

1990 மார்ச், ஞாயிற்றுக்கிழமை காலை. குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் எத்திராஜ் வழக்கம்போல பைனாகுலர் வழியாகச் சூரியனைக் காகிதத்தில் விழவைத்தான். பக்கத்தில் மனைவி ஞானம்மாள் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருசமா இத்தயே வரஞ்சிகினு கீற. யாரு பாக்கப் போறா?"

எத்திராஜ் எண்ணினான். பதினொன்று. ஜெராக்ஸை எடுத்து அந்த வெளிச்ச வட்டத்தில் வைத்தான். ஒவ்வொரு புள்ளியும் படத்திலிருந்த புள்ளியின்மேல் சரியாக உட்கார்ந்தது. பறவைமேல் மட்டும் ஒன்றும் விழவில்லை.

"சூ! சூ!" என்று ஞானம்மாள் கையை வீசினாள். ஒரு காக்கா எழும்பித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பறந்தது. அதன் நிழல் வெளிச்சத்துக்குள் வந்து, வரைந்த பறவையை இறகு பிசகாமல் மூடிவிட்டுப் போயிற்று.

அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஞானம்மாளும் பார்த்துவிட்டாள். பிறகு குனிந்து, படத்தில் அந்த அலகைத் தொட்டாள்.

"என் வடகம்யா இது."