மேஜரின் அறிக்கை

"இடது கால் போயிருச்சுங்க, கர்னல். ஒரு கைதான் மிச்சம். ரெண்டு நிமிசம் தாங்குவேன், அதுக்குள்ள மத்தவங்களைக் கூட்டிட்டு வெளிய போயிருங்க."

சுரேந்தர் கிசுகிசுப்பாகத்தான் பேசினான். காரின் முன்சீட்டில் இருந்த அம்மா கீதா திரும்பிப் பார்த்தாள். "சாஞ்சு உக்காராத கண்ணு, சட்டை கசங்கிப்போகும்."

அவன் கையிலிருந்த செல்போனில் மூன்று மாடி உயரப் போர் எந்திரம் ஒன்று தீப்பிடித்துச் சரிந்தது. அதை ஓட்டிய மேஜர் செத்துப்போனார். அந்த மேஜர், முப்பத்து நாலு வயது ஆகியும் கல்யாணம் ஆகாத பவானிக்காரன் சுரேந்தர்தான். விளையாட்டில் அவனுக்கு இப்படியொரு பதவி இருப்பது பெற்ற தாய்க்கே தெரியாது.

திரையில் கர்னலின் எழுத்து வந்தது. 'இன்றைக்குப் போதும். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள்.'

கர்னல் ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை. அவன் பேசுவதைக் கேட்பார், கட்டளையை எழுத்தில் போடுவார், அவ்வளவுதான். அவர் யார், எந்த ஊர் என்று சுரேந்தருக்குத் தெரியாது. ஆனால் அவன் பேர், ஊர், தோட்டத்து வாழை சாய்ந்தது, பார்த்த பெண்கள் இருபத்திரண்டு பேரும் வேண்டாம் என்றது, இன்றைக்குப் பெண் பார்க்கப் போவதுதான் கடைசி என்று முடிவு செய்தது எல்லாம் அவருக்குத் தெரியும். ரெண்டு வருசமாகச் சண்டைக்கு நடுவே அவரிடம்தான் கொட்டித் தீர்த்திருக்கிறான்.

செல்போனை அணைத்துவிட்டு, விறைத்துப்போன பெருவிரல்களை உதறிக்கொண்டான். கார் புளியம்பட்டியைத் தாண்டி அன்னூரை நோக்கிப் போனது.

"ஏனுங்க தம்பி, மறந்துபோடாதீங்க" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தரகர் தனபால். "காந்திபுரத்துல ஐடி கம்பெனி. அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். தோட்டம் தொரவுன்னு வாயத் தொறந்தீங்க, இதும் போச்சு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்ங்க."

"அவங்களேதான ஆள் உட்டுக் கேட்டாங்கன்னீங்க?" என்றாள் கீதா.

"அதானுங்க எனக்கும் புரியல. பேரச் சொல்லிக் கேக்கறாங்க. நமக்கெதுக்குங்க அந்த ஆராய்ச்சி? வந்த லட்சுமிய வேண்டாம்ங்கலாமா?"

முதல் பெண் வேண்டாம் என்றபோது சுரேந்தர் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அழுதான். ஏழாவதுக்குக் கோபம் வந்தது. இப்போது பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. விவசாயிக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொல்வதுதான் அவனுக்கு வராது. அந்த விளையாட்டில், சண்டை முடிந்ததும் எந்திரம் ஓட்டியவனே அறிக்கை எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் பதவி உயர்வு. போன தை மாதம் எதிரியின் பெரிய எந்திரம் விழுந்தபோது, லெப்டினன்ட் கர்னல் பதவி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. 'நான் சுட்டு விழவில்லை. அதுவாகப் பள்ளத்தில் விழுந்தது' என்று எழுதி அனுப்பி, வந்த பதவியைக் கெடுத்துக்கொண்டான். 'நல்லது, மேஜர்' என்று மட்டும் கர்னல் பதில் எழுதினார்.

அன்னூரில் பெண்ணின் அப்பா பாலுசாமி வாசலுக்கே வந்து "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை. நாற்காலியில் உட்கார்ந்ததும், குளிரில் இருப்பவர் போல இரண்டு பெருவிரல்களையும் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

மகள் வர்ஷினி காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூர்ல எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டார் பாலுசாமி.

"காந்திபுரத்துல பெரிய ஐடி கம்பெனிங்க, டீம் லீடருங்க..." தனபால் முந்திக்கொண்டார்.

சுரேந்தர் டம்ளரைக் கீழே வைத்தான். "இல்லீங்க. எனக்குக் கம்பெனியெல்லாம் இல்லீங்க. நாலு ஏக்கரா வாழைங்க. போன மாசக் காத்துல பாதி சாஞ்சுபோச்சு."

தனபாலுக்குப் புரையேறியது. கீதா தரையைப் பார்த்தாள். பாலுசாமியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"செல்லுல கேம் ஆடுவீங்களா?" கேட்டது வர்ஷினி.

கீதா அவன் தொடையைக் கிள்ளினாள். போகிறது போகட்டும் என்று இருந்தது அவனுக்கு. "ஆடுவேனுங்க. தெனமும் ஆடுவேன்."

இந்த இடம் அவனுக்குப் பழக்கம்தான். 'கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்' என்று அடுத்து வரும்; அப்புறம் யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அதைக் கேட்டுவிட்டுப் போக இந்த முறை அவனுக்குத் தெம்பில்லை. இருபத்து மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டான்.

"வாங்கம்மா, போலாம்" என்று எழுந்து பாலுசாமியைக் கும்பிட்டான்.

பாலுசாமி நாற்காலியை விட்டு எழவில்லை. மகளைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

"அம்மணி, மேஜருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டா."