டயர்க் கடைக்கு விடுதலை

"மேடையில வச்சு என் மானத்தை வாங்கத்தான் கூப்பிட்டிருக்காய்ங்க. நான் வரல" என்று சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டார் அந்தோணிமுத்து.

"வராத ஆளுக்கு எதுக்கு இஸ்திரிச் சட்டை?" என்றாள் மனைவி அல்போன்சா.

"என் கடைப் பேரை இழுத்தா எந்திரிச்சுக் கேக்க ஆள் வேணும்ல?"

வேடசந்தூர் ரோட்டில் வீட்டை ஒட்டியே பழைய டயர்க் கடை வைத்திருந்தார் அந்தோணிமுத்து. எதிர் வீட்டு அமலன் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு வருசத்துக்கு முன்னால் அமலனின் மகள் ஷைனி டெங்குவில் படுத்துப் பிழைத்தாள். 'எதிர்க் கடை டயரில்தான் கொசு' என்று அமலன் சுகாதாரத் துறைக்கு மனுப் போட்டார். லாரி வந்து டயரையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

அன்றைக்கு விழுந்த பகை. கோயில் பூசையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிடும்போதுகூட, அமலன் நிற்கிற பக்கம் அந்தோணிமுத்துவின் கழுத்து திரும்பாது. வீம்புக்கென்றே கடை முழுக்கத் தகரக் கூரை போட்டார்.

"இனி ஒரு சொட்டு மழை என் டயர்ல விழாது. எவன் கை நீட்டுறான்னு பாப்போம்."

அந்த ஷைனி இப்போது பல்கலைக்கழகத்தில் கொசுவைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறாள். மாணவர் ஆராய்ச்சியில் மாநிலத்திலேயே முதல் பரிசு. கோயில் மண்டபத்தில் அதற்குத்தான் பாராட்டு விழா.

"கொசுப்புழு பிடிக்கிறேன்னு அந்தப் பிள்ளை பாட்டிலும் கையுமா கடைக்கு வந்துச்சே, அன்னைக்கே விரட்டியிருக்கணும்."

"விரட்டத்தானே செஞ்சீங்க" என்றாள் அல்போன்சா. "மறுநா நான்தான் உள்ள விட்டேன்."

மண்டபம் நிறைந்திருந்தது. ஷைனி பேச எழுந்தாள். திரையில் முதல் படமே ஒரு லாரி டயர். மேலே வெள்ளைப் பெயின்டில் 'அ.மு.'

அந்தோணிமுத்து பாதி எழுந்துவிட்டார். அல்போன்சா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க தெருவுல டெங்கு வந்தப்ப எல்லாரும் இந்த டயரைத்தான் சொன்னோம்" என்றாள் ஷைனி. "டயரை அள்ளிட்டுப் போயும் காய்ச்சல் நிக்கல. நானும் ஆராய்ச்சிய அங்கதான் ஆரம்பிச்சேன். மழைக்காலம் பூராவும் தேடினேன். ஒரு டயர்லகூடப் புழு இல்ல. கூரை போட்டு, ஈரமே இல்லாம மாமா அம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காங்க."

கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. பாதி எழுந்தவர் முழுசாக நின்று, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த படம். ஒரு கறுப்புத் தட்டு. கலங்கல் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

"இது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி சொட்டுற தட்டு. யாரும் இழுத்துப் பாக்குறதில்ல. தெருவுல பல வீட்டுல இப்படித்தான் இருந்துச்சு." ஷைனி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "படத்துல இருக்கறது எங்க வீட்டுத் தட்டு."

மண்டபம் சிரித்தது. பிறகு கைதட்டியது. "இனிமே கொசு தேடிப் போறவங்க அடுப்படிக்குள்ளயும் போகணும்னு இந்தப் பிள்ளை காட்டியிருக்கு" என்றார் அவளுடைய பேராசிரியை. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். அந்தோணிமுத்துவின் கைதட்டல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

வாசலில் அமலனை மடக்கினார்.

"என்ன சார், மனு எழுதப் பேப்பர் இருக்கா? இல்ல நான் வாங்கித் தரவா?"

"தப்பு என் பேர்லதாண்ணே" என்று அமலன் கும்பிட்டார்.

விழாவில் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை விட அந்த ஒரு வார்த்தை ருசித்தது. வீடு வருகிற வரைக்கும் அந்தோணிமுத்து வாய் ஓயவில்லை.

"வாத்தியார் வீட்டு ஃப்ரிட்ஜுலயே புழு. படிச்ச வீடு பாரு. ஏன், நம்ம வீட்டுல வந்து பாக்கச் சொல்லேன் அந்தப் பிள்ளைய."

"பாத்தாச்சுங்க" என்றாள் அல்போன்சா, செருப்பைக் கழற்றியபடி.

"எப்ப?"

"நீங்க லாரி டயர் எடுக்க ஒட்டன்சத்திரம் போனப்ப. அது மொத மொதல்ல புழு எடுத்ததே நம்ம அடுப்படியிலதான். அதுக்கப்புறம்தான் அவங்க வீட்டுல போய்ப் பாத்துச்சு."

அந்தோணிமுத்துவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"அந்த வாத்தியாருக்குத் தெரியாதுல்ல?"

"நம்ம ஃப்ரிட்ஜை இழுத்துப் பிடிச்சதே அவருதாங்க."