அக்காவின் மூட்டு வலி

"பெல்ட் அறுந்து மெஷின் நிக்குது. சாயங்காலம் சரக்கு எடுக்க லாரி வந்துடும். நீங்க அக்காவோட மூட்டு வலியை விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்க!" அச்சக மேனேஜர் குதித்தார்.

ஸ்டோர்கீப்பர் பெண்மணி போனைப் பொத்தினாள். "ரெண்டே நிமிஷம் சார்."

"தினமும் இதே கூத்துதான்! இன்னையோட உங்க சீட்டு கிழிஞ்சது!"

அரை மணி நேரத்தில் வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. புத்தம் புது பெல்ட்! மெஷின் கடகடவென்று ஓடியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"கடையிலேயே ஒரு வாரம் ஆகும்னாங்களே! யார் கொடுத்தது?"

"அக்காதான் சார். பக்கத்து ஏரியா அச்சகத்து ஸ்டோர்கீப்பர்."

"நம்ம போட்டிக் கம்பெனியா! அவங்க எதுக்கு நமக்குத் தரணும்?"

"போன மாசம் அவங்க மெஷின் நின்னப்போ நம்ம ரோலரைக் கொடுத்தேனே சார்!"

மேனேஜர் அக்காவுக்குப் போன் போடச் சொன்னார். பிறகு போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"அக்கா, மூட்டு வலி இப்போ தேவலையா?"